மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பும் பயணங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்ப முடியாத எந்த இடத்துக்கும் பறவையோ விலங்கோ பார்க்கப் போவதில்லை என்று 2016ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு முடிவு எடுத்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், மூன்று நாள் விடுப்பும் ஒரு மாதச் சேமிப்பும் செலவழித்து, தொலைவில் இருக்கும் ஒரு புலிகள் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்திருந்தோம். ஜீப்பில் ஏறியபோது எங்களுக்கு முன்னால் ஆறு ஜீப்புகளும் பின்னால் நான்கு ஜீப்புகளும் நின்றன. இரண்டு மணி நேரச் சுற்றில் கண்ணில் பட்டவை ஒரு கீரியும் ஒரு மயிலும்தான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் தினமும் காலையில் வந்து உட்காரும் மயிலைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று என் மனைவி கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் வரைபடத்தை விரித்து, பாளையங்கோட்டையை நடுவில் வைத்து நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். தெற்கே கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், கிழக்கே தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டி வல்லநாடு வெளிமான் சரணாலயம், மேற்கே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் ஆகிய மூன்றும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தன. இவை போக, தாமிரபரணிக் கால்வாய்களில் நீர் பெறும் குளங்கள் எண்ணி மாளாது. நயினார்குளமும் வேய்ந்தான்குளமும் மாநகருக்கு உள்ளேயே கிடக்கின்றன. இத்தனை காலம் இவற்றைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

வட்டம் போட்டதோடு திட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தது என் முதல் தவறு. 2017 ஜனவரியில், பறவைகள் வரும் மாதம் ஜனவரி என்று எங்கோ படித்ததை நம்பிக் கூந்தன்குளத்துக்குப் போனேன். அதற்கு முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்திருந்தது. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த குளத்து மண்ணில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அண்ணாச்சி, தண்ணி வந்தாத்தானே பட்சி வரும்? பேப்பர்ல அணை நெலவரம் பாத்துட்டு வரக்கூடாதா?" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே யோசனையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கானுயிர்ப் பயணம் பற்றி இதுவரை எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கூந்தன்குளத்துக்கு வரும் நீர் பெரும்பாலும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வருவது. அணையின் முழு நீர்மட்டம் 118 அடி. நெல்லை மாவட்டத்து நாளிதழ்களில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் தினமும் ஒரு சிறு கட்டத்தில் வரும். விவசாயிகள் பார்க்கும் அந்தக் கட்டத்தை ஐப்பசி பிறந்ததிலிருந்து நானும் பார்க்கத் தொடங்கினேன். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகு குளம் நிரம்புவதற்கும், நீரில் மீனும் நத்தையும் பெருகுவதற்கும், பெரிய பறவைகள் கூடு கட்டத் துணிவதற்கும் சில வாரங்கள் வேண்டும். ஆகவே நாள்காட்டியில் மாதத்தைக் குறித்து வைப்பதைவிட, தண்ணீர் திறந்த நாளிலிருந்து கணக்கிடுவது எனக்குப் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது.

தண்ணீர் குறைந்தால் மட்டும்தான் ஏமாற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழைக்குப் பிறகு பல குளங்கள் உடைந்தன. உடையாதவை கரை தொட்டு நின்றன. அந்த ஜனவரியில் ஊர் ஊராகக் குளங்களைச் சுற்றியபோது, உள்ளான் வகைகளைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. கால் நனையும் அளவு ஆழமும் ஈரச் சேறும் உள்ள ஓரங்களில்தான் அவை இரை பொறுக்கும். குளம் விளிம்புவரை நிரம்பி நிற்கும்போது அவற்றுக்கு நிற்க இடம் ஏது? வாத்துகளுக்கும் முக்குளிப்பான்களுக்கும் அது கொண்டாட்டம்தான், உள்ளான் பார்க்க வேண்டுமானால் நீர் வற்றி ஓரம் தெரியும் மாசி, பங்குனி வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பறவையைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பிறகு பார்ப்பதே முறை என்பது அந்த ஆண்டில்தான் எனக்குப் புரிந்தது.

கூந்தன்குளத்துக்கு நான் தேர்ந்தெடுக்கும் காலம், நல்ல மழை பெய்த ஆண்டுகளில், ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிய. வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்கிய வாத்துகள் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அதற்குள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்தையும், இங்கேயே பிறந்து வளரும் கூழைக்கடாக் குஞ்சையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்புள்ள வாரங்கள் இவை.

காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால் மூலைக்கரைப்பட்டியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, 38 கிலோமீட்டர் தூரத்தையும் கடந்து, வெளிச்சம் பரவுவதற்குள் குளக்கரையில் நிற்கலாம். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த தொலைநோக்கியானாலும், தூரத்துப் பறவை அதற்குப் பிறகு நெளிகிற ஒரு கறையாகத்தான் தெரியும். காலையில் கிழக்குக் கரையில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதும் முக்கியம். முதல் இரண்டு பயணங்களில் மேற்குக் கரையில் நின்று, எல்லாப் பறவைகளையும் கறுப்பு உருவங்களாகவே பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் நிறம் எதையும் காணோமே என்று வருந்தியவன் நான்.

சென்ற முறை போனபோது என் மகளும் உடன் வந்திருந்தாள். கரையிலிருந்து முப்பது அடி தூரத்தில் ஒரு சங்குவளை நாரை முழங்கால் ஆழத்தில் நின்றது. அலகைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தி, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே அடிமேல் அடி வைத்து வந்தது. ஒரு காலால் சேற்றைக் கலக்கிவிடும், பிறகு அலகு அந்தக் கலங்கலுக்குள் போகும். மீன் தட்டுப்பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்வதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. தலை நிமிர்ந்து தொண்டை ஒருமுறை அசைந்த பிறகுதான் மீன் உள்ளே போனது தெரிந்தது. "அது கண்ணாலயே பாக்கலியேப்பா, தொட்டுத்தானே பிடிக்குது" என்றாள் மகள். அது உண்மைதான். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லை, அலகில் மீன் படும் உணர்வை வைத்தே இந்த நாரை வேட்டையாடுகிறது. இருபது நிமிடம் ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் பத்து வயதுப் பிள்ளைக்கு அது தானாகவே புலப்பட்டது. ஜீப்பில் போயிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருப்பார்.

கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை, ஊருக்குள்ளும் வந்து வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. தெருவில் மீன் நாற்றமும் எச்சத்தின் நெடியும் சேர்ந்து வீசும். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றினாலும் பொத்தாமல் இருப்பது மரியாதை. பறவைகள் கலையக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. எச்சம் கரைந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பதும் அங்கே வழக்கம். ஒரு வேப்பமரத்தடியில் மகள் உற்சாகமாகக் கத்தியபோது, திண்ணையில் இருந்த ஆச்சி, "மெதுவா பேசு தாயி, மேல பிள்ளைக கெடக்கு" என்றார். குஞ்சு என்று சொல்லாமல் பிள்ளை என்று அவர் சொன்னதை மகள் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஏறத்தாழ 129 ஹெக்டேர் பரப்பில் விரிந்த இந்த இடம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பும் வந்தது. ஊர்க்காரர்களின் காவல் இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் வெகு காலம் முந்தையது.

வல்லநாட்டின் கதை வேறு. அங்கே தண்ணீரைவிட நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1987இல் அறிவிக்கப்பட்ட, 16.41 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சரணாலயம், இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியில் உள்ளது. குன்றும் முள்புதரும் உடைமரங்களும் நிறைந்த செம்மண் நிலம். வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தானே என்ற அலட்சியத்தில் முதல் முறை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு மணி வரை அலைந்தும் கிடைத்தது புழுக்கைக் குவியல்களும் காலில் தைத்த இரண்டு உடைமுள்ளும்தான். வெயில் ஏறியதும் மான்கள் புதர் நிழலில் படுத்துவிடும், மண்ணின் நிறமும் பெண் மானின் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அடுத்த முறை வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, பொழுது விடியும் நேரத்திலேயே போனேன். துணைக்கு வந்த காவலர், மானைத் தேடாதீர்கள், வெள்ளையைத் தேடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். வயிற்றின் வெண்மை மட்டும்தான் அந்தப் புதருக்குள் தனித்துத் தெரியும். அப்படித் தேடிய சில நிமிடங்களில் ஒரு வெண்திட்டு ஐந்தாகி, ஐந்து பதினொன்றானது. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, முதுகு கறுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்டு, முறுக்குக் கொம்போடு கலைமான் ஒன்று எங்களை ஏற்கெனவே பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் அசையவில்லை. சாலையில் ஒரு லாரி ஒலியெழுப்பியதும் முதல் மான் துள்ளியது. அது துள்ளிய அதே இடத்தில், தாண்டுவதற்கு அங்கே எதுவுமே இல்லாதபோதும், பின்னால் வந்த ஒவ்வொன்றும் துள்ளிவிட்டுத்தான் போனது. ஒன்பது மணிக்கு வீட்டில் இருந்தேன்.

திருப்புடைமருதூருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போவதுண்டு. ஊரார் விருப்பத்தின்பேரில் நறும்பூநாதர் கோயிலை ஒட்டிய பகுதி 2005இல் பறவைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே இவ்வகைக் காப்பகங்களில் அதுவே முதலாவது. பறவைகளைப் பார்த்து முடித்ததும் கோபுரத்துக்குள் இருக்கும் பழைய சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்க்கலாம் என்பதால், பறவையில் நாட்டமில்லாத உறவினர்களை அழைத்துப்போக இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மருத மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கண்டு பயந்த என் மைத்துனர் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சாமான்கள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று போதும். பத்து மடங்குக்கு ஆசைப்பட்டு வாங்கியது கை நடுக்கத்தில் பயனின்றி அலமாரியில் கிடக்கிறது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு நோட்டு, ஒரு பென்சில். பார்த்தவற்றை இடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதினால் ஆறு நாமக்கோழி பதினாறு ஆகிவிடுகிறது. எழுதியதை அன்றிரவு, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுவேன். புறப்படுவதற்கு முன் அதே தளத்தில், போகும் குளத்தில் போன வாரம் யார் எதைப் பார்த்தார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சிறு குளங்களைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதியிருப்பதில்லை, அங்கே நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்களைக் கொண்டு தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ஒருமுறை கலந்துகொண்டபோதுதான் கூட்டத்தை எண்ணும் வித்தையைக் கற்றேன். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பதித்துக்கொண்டு, அந்த அளவை வைத்து மீதிக் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். நான் 140 என்று எழுதிய வாத்துக் கூட்டத்தை அனுபவசாலி ஒருவர் 230 என்று எழுதியிருந்தார். மறுபடி எண்ணிப் பார்த்தபோது அவருடையதுதான் சரி. அதற்குப் பிந்தைய மூன்று ஞாயிறுகளும் நயினார்குளத்துக் கரையில் நின்று எண்ணிப் பழகினேன். பத்து நிமிடத் தொலைவில் குளம் இருப்பதால், தவறாக எண்ணினால் அடுத்த வாரமே திருத்திக்கொள்ள முடிகிறது.

இந்த ஆண்டு கால்வாயில் தண்ணீர் திறந்த செய்தி நேற்றைய நாளிதழ்வரை வரவில்லை. ஆகவே வரும் ஞாயிறு வல்லநாடு. அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இட்லி மாவுக்கு சனிக்கிழமை காலையிலேயே அரிசி ஊறப்போட வேண்டும் என்று மகள் இப்போதே அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.