மீட்டரில் கார் வழுக்குகிற மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு

பெங்களூருவில் கோடை மழை தொடங்கியதும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "கார் வழுக்குற மாதிரி ஒரு விளக்கு சிமிட்டுது, சர்வீஸுக்கு விடணுமா?" வேண்டாங்க. சிமிட்டினால், சக்கரம் பிடி இல்லாமல் சும்மா சுழல்வதைத் தடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான், யாரோ பட்டனை அமுக்கி ஆஃப் செய்திருக்கிறார்கள் அல்லது சிஸ்டத்தில் கோளாறு.

நாள் கணக்கில் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் கலக்கும்போது ரோடு வழுக்கும். மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஒரு சக்கரம் அதன் மேல் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது மட்டும் சும்மா சுழலும். எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிற பாகம் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விசையைத்தான் தரும், அதனால் பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் நல்ல தாரில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நின்ற இடத்திலேயே உறுமும்.

ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற சிஸ்டம்) சென்சார்கள் ஏற்கனவே அளந்துகொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் வேகமாகச் சுற்றுவது தெரிந்ததும் கம்ப்யூட்டர் எஞ்சினின் விசையைக் குறைக்கும், பல கார்களில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக்கும் போடும். எனக்குப் பிடித்த தந்திரம் இந்தப் பிரேக்தான்: சுழல்கிற சக்கரத்தை இழுத்துப் பிடித்தால் டிஃபரன்ஷியல் மறுபக்கத்துக்கும் அதிக விசை அனுப்பியாக வேண்டும், வண்டி நகர்ந்துவிடும். ஆனால் ஏபிஎஸ் இருக்கிற எல்லா காரிலும் இது இருக்காது. நீங்கள் பெடலை மிதிக்காதபோதே பிரேக் அழுத்தம் உண்டாக்குகிற பம்ப்பும் வால்வும் வேண்டும், அதற்கான சாஃப்ட்வேரும் வேண்டும். வாங்கும்போது தனியாகக் கேளுங்கள்.

எப்போது ஆஃப் செய்யலாம்? சர்ஜாபூர் பக்கம் புது லேஅவுட் பார்க்கப் போய்ச் செம்மண் சேற்றில் மாட்டிக்கொண்டால், இல்லை ஈசிஆரில் கடற்கரை மணலில் இறக்கிவிட்டால். அங்கே சக்கரம் கொஞ்சம் சுழன்று சேற்றை உதறினால்தான் பிடி கிடைக்கும், இந்தச் சிஸ்டமோ அதற்குள் விசையைக் குறைத்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் எஞ்சின் முனகும். அப்போது ஆஃப் செய்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மேனுவலாக இருந்தால் செகண்ட் கியரில் முன்னும் ரிவர்ஸில் பின்னுமாக மெதுவாக ஆட்டி வெளியே எடுங்கள். தார் ரோடு வந்ததும் முதல் வேலை மறுபடி ஆன் செய்வது.

மற்ற நேரம் முழுக்க ஆனிலேயே இருக்கட்டும். ஆஃப் செய்தால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்பார்கள். காய்ந்த ரோட்டில் சாதாரணமாக ஓட்டும்போது அது தலையிடுவதே இல்லை, அப்புறம் எதைக் கூட்டப்போகிறது?

அதற்காக நந்தி ஹில்ஸ் வளைவில் மழையில் வேகமாகத் திருப்பினால் இது காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டில் வழுக்குவதைக் கவனிப்பது ஈஎஸ்சி (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) என்கிற இன்னொரு சிஸ்டம், அதற்கும் டயரில் பிடி இருந்தால்தான் வேலை. சட்டப்படி டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும், மழைக்கு அதுவே போதாது என்பது என் எண்ணம். இன்னொன்று, சில கார்களில் பட்டனை ஒருமுறை தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும், சில விநாடிகள் அமுக்கிப் பிடித்தால் ஈஎஸ்சியும் சேர்ந்து போய்விடும். உங்கள் வண்டியில் எப்படி என்று மேனுவலைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.