காலுக்கும் ஆஞ்சியோ உண்டு

ஏற்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் சாலைக்கு ஏறிச் செல்லும் வழி ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாகப் போகிறது. வழி நெடுகிலும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அந்தத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்த என் தந்தை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் அந்த ஏற்றத்தின் ஒன்பதாவது மரத்தடியில் நின்றுவிட்டார். வலது கெண்டைச்சதை கல்லாக இறுகிவிட்டது என்றார். இரண்டு மூன்று நிமிடம் நின்றதும் வலி முழுவதும் விட்டுப்போயிற்று, மறுபடி நடந்தார். அடுத்த காப்பிப் பழம் பறிப்பதற்குள் ஒன்பதாவது மரம் ஆறாவது மரமாயிற்று. அதற்கடுத்த மழைக்காலத்தில் நான்காவது மரமாயிற்று.

அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் அது நோயின் கணக்கு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மூட்டுத் தேய்மானம் என்று எண்ணெய் தேய்த்தோம், வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இன்று யோசித்தால் வித்தியாசம் அப்போதே பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மூட்டு வலி உட்கார்ந்து எழும்போதே பிடிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தப்படுவதால் வரும் வலி, நின்றால் போகாது. உட்கார வேண்டும் அல்லது முன்பக்கம் குனிய வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைப்பதால் வரும் வலியோ, குறிப்பிட்ட தூரம் நடந்ததும் வந்து, நின்ற இடத்தில் நின்றாலே சில நிமிடங்களில் போய்விடும். ஏற்றத்தில் தசைக்கு அதிக இரத்தம் வேண்டியிருப்பதால் அங்கே வலி சீக்கிரம் வரும். மலைக்காரர்களாகிய எங்களுக்கு இந்த அடையாளம் சமவெளிக்காரர்களைவிட முன்பே தென்படும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தோம்.

பிறகு ஒரு மார்கழி மாதத்தில், வெட்டிய காப்பிச்செடியின் கட்டை அவருடைய வலது பெருவிரலில் குத்தியது. சிறிய காயந்தான். ஆறு வாரமாகியும் ஆறவில்லை. நுனி கறுக்கத் தொடங்கியது. இரவில் வலி தாங்காமல், ஏற்காட்டுக் குளிரிலும் போர்வைக்கு வெளியே காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டபடி தூங்கினார். காலைத் தொங்கவிட்டால் புவியீர்ப்பின் உதவியால் பாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் இறங்கும், அதனால் வலி தணியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காயத்தைக் காட்டப் போன ஓர் இடத்தில், விரலை எடுத்துவிடலாம், அப்படியும் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே ஒருவர்கூட அவருடைய பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இரத்தம் வராத காலில் விரலை வெட்டினால், வெட்டிய இடத்துக்கும் இரத்தம் வராது. அந்தக் காயமும் ஆறாது. “கால எடுக்க வேண்டாம் கண்ணு, இருக்கிற வரைக்கும் இதோடவே இருந்துக்கறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் இரத்தநாள மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே தம் இரண்டு விரல்களைப் பாதத்தின் மேற்புறத்தில் வைத்தார், பிறகு உள்கணுக்காலின் பின்புறம், பிறகு முழங்கால் மடிப்பு, கடைசியாகத் தொடையிடுக்கு. “ஐயா, இங்கே மட்டுந்தான் துடிப்பு இருக்கு” என்றார். அதாவது, தொடையிடுக்கு வரை வரும் இரத்தம், முழங்காலுக்கு வருவதற்குள் எங்கோ தடைபடுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு நிமிடத்தில், நோய் தொடையில் இருப்பது தெரிந்துவிட்டது. பிறகு கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கையில் 150, வலது கணுக்காலில் 66. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.44. இந்த விகிதம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி நோய். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் அமுங்காமல் போவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம் என்றும், அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் அளக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை; ஆனால் பதினெட்டு வயதிலிருந்து பீடி.

இரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது நானும் உடனிருந்தேன். நல்ல தமனியில் இரத்தம் ஓடும் ஒலி, சாட்டையைச் சொடுக்குவதுபோல் கூர்மையாக எழுந்து, ஒரு கணம் பின்வாங்கி, மறுபடி முன்னேறும். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கேட்டது, ஓட்டைக் குழாயில் காற்று கசிவதுபோல ஒரே சீரான மெல்லிய இரைச்சல். பிறகு இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்து, படத்துக்காகச் செலுத்தும் சாய மருந்தைச் சிறுநீரகம் தாங்கும் என்று உறுதி செய்தபின், தமனிகளைப் படமாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். தொடைத் தமனி, தொடையின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஒரு விரல் நீளத்துக்குக் காணவே இல்லை. அதைச் சுற்றி நூல் நூலாகக் கிளைக்குழாய்கள் வளைந்து சென்று, முழங்காலுக்குப் பின்னால் மறுபடி சேர்ந்திருந்தன. இரண்டு ஆண்டுகளாக அப்பாவை நடமாட வைத்தவை அந்த நூல்கள்தாம்.

தமனிக்குள் குழாயைச் செலுத்தி அடைப்பை உள்ளிருந்தே விரிக்கும் ஆஞ்சியோ செய்யலாம் என்றார் மருத்துவர். ஆஞ்சியோ என்றதும் உறவினர்கள் எல்லோரும் பதறி, இதயத்தில் என்ன கோளாறு என்றே கேட்டார்கள். உண்மையில் இந்தச் சிகிச்சை பிறந்தது காலில்தான். 1953-இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசியால் தமனியைத் துளைத்து, அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, கம்பியின் மேல் குழாயை ஏற்றும் முறையைக் காட்டினார். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 1964 ஜனவரி 16 அன்று, சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை அந்தக் கம்பி வழியாகவே குழாய்களைச் செலுத்தி விரித்தார். பாதம் சூடேறியது, அந்த அம்மையார் தம் இரண்டு கால்களாலும் நடந்தே மீதி வாழ்நாளைக் கழித்தார். கிரண்ட்சிக் என்ற மருத்துவர், அடைப்புக்குள் வைத்து விரிக்கும் சிறு பலூனைக் கொண்டுவந்து 1974-இல் காலில் பயன்படுத்தினார்; 1977-இல்தான் சூரிச்சில் அதே பலூன் இதயத் தமனிக்குள் சென்றது. இதை அப்பாவிடம் சொன்னேன். அந்த அம்மையாரும் காலை எடுக்க மறுத்தவர் என்று கேட்டபிறகே அவர் சம்மதித்தார்.

அப்பாவுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. இடது தொடையிடுக்கில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டார்கள். அங்கே நுழைத்த குழாயின் பருமன் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். இடப்பக்கத்திலிருந்து மேலே சென்று, வயிற்றில் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் கவையைத் தாண்டி, வலது காலுக்குள் கம்பி இறங்கியது. சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு இப்பால் இருந்த திரையை எனக்குக் காட்டும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். முதலில் சாய மருந்து செலுத்தாமல் ஒரு படம். பிறகு மருந்து செலுத்தி இன்னொரு படம். கணினி முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்துவிடுகிறது. எலும்பு, தசை எல்லாம் மறைந்து, வெள்ளைப் பரப்பில் தமனி மட்டும் கறுப்பு மையால் வரைந்ததுபோல் நின்றது. ஓரிடத்தில் பட்டென்று முடிந்திருந்தது. அடைப்பைக் கம்பி கடக்கத்தான் அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பலூனை விரித்து மூன்று நிமிடம் வைத்திருந்தார்கள். மறுபடி சுருங்கப் பார்த்த ஓரிடத்தில் நிட்டினால் என்ற உலோகக் கலவையாலான ஸ்டென்ட், அதாவது தமனியைத் திறந்தே வைக்கும் வலைக்குழாய், வைத்தார்கள். கடைசிப் படத்தில் அந்தக் கறுப்புக் கோடு தடையில்லாமல் கணுக்கால் வரை இறங்கியதைப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்தார். அன்று மாலை பாதத்தைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது.

விரலின் நுனி மட்டும் போயிற்று. மீதிக் காயம் ஆற இரண்டரை மாதமாயிற்று. நடக்கும்போது வலிக்கிற எல்லோருக்கும் உடனே பலூன் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. காயமோ இரவு வலியோ இல்லாதவர்களுக்குப் புகையை நிறுத்துவதும், மாத்திரைகளும், முறையான நடையுமே முதல் சிகிச்சை. ஆனால் ஆறாத காயத்துடன் வருபவருக்கு, எதையும் வெட்டுவதற்கு முன்பு தமனியைப் பார்த்தாக வேண்டும். அதைக் கேட்பதற்கு நாம் தயங்கக் கூடாது. திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போய், தாங்க முடியாமல் வலித்தால் அது வேறு விதமான அவசரம். இரத்தம் இல்லாமல் தசை ஏறக்குறைய ஆறு மணி நேரந்தான் தாங்கும். மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பீடியை அப்பா நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொள்ளக் கூடும் என்பதால் அவ்வப்போது டாப்ளர் பார்க்கிறோம். சென்ற முறை வலது காலின் அழுத்த விகிதம் 0.92. இடது காலில் 0.78. அங்கேயும் தமனி குறுகியிருக்கிறது. இப்போதைக்குப் பலூன் வேண்டாம், நடக்கச் சொல்லுங்கள் என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல், வாரத்தில் மூன்று நாளாவது. அதே ஏற்றத்தில்தான் நடக்கிறார். இப்போது இடது கெண்டைச்சதை எந்த மரத்தடியில் பிடிக்கிறது என்று தினமும் கேட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன்.