மணல் தொட்டியில் டோபா ஏரி

எரிமலை மாதிரி என்றாலே சோடா உப்பு, வினிகர், சிவப்பு நுரை. கால்டெராவுக்கு, அதாவது வெடித்தபின் எரிமலையே உள்ளே இறங்கி உண்டாகும் பெரும்பள்ளத்துக்கு, அது உதவாது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள டோபா எரிமலையில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 2,800 கன கி.மீ. மாக்மா (பாறைக் குழம்பு) வெளியேறியது. அடியில் தாங்க எதுவும் இல்லாமல் மேலே இருந்த நிலம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்த இறக்கத்தைத்தான்.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் தண்ணீர் நிரப்பிய நீள பலூன், அதன் வாயில் நூலால் இறுக்கிக் கட்டிய சலைன் ட்யூப், மறுமுனையில் பாட்டில். (உருண்டை பலூன் வேண்டாம், டோபா 100 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம்.) மேலே சலித்த மணலில் கொஞ்சம் மைதா கலந்து போட வேண்டும், இல்லாவிட்டால் மணல் வழிந்துவிடும், விரிசல் நிற்காது. நடுவில் இரண்டு நிறத்தில் கோலப்பொடி தூவினேன், ஏனென்றால் டோபா அதற்கு முன்பும் சுமார் 8 லட்சம், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்திருக்கிறது, அந்தப் படிவுகளும் உள்ளே இருக்க வேண்டுமே.

பாட்டிலைத் தரையில் வைத்து, ட்யூபை அடைக்கும் உருளையைத் தளர்த்தினால் முதலில் லேசான பள்ளம்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் சுற்றிலும் மயிரிழை விரிசல், திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தொப்பென்று இறங்குகிறது. அதற்கும் வெளியே இன்னொரு விரிசல் வளையம் விழுந்து விளிம்பு உள்ளே சரிய, பள்ளம் பலூனைவிட அகலமாகிவிட்டது. தண்ணீர் தெளித்து இறுக்கிக் கத்தியால் வெட்டிப் பார்த்தபோது கோலப்பொடிக் கோடு துண்டுபட்டுக் கிடந்தது. உள் விரிசல் கீழே போகப் போக உள்நோக்கிப் போகாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

சாம்பலை மட்டும் தொட்டிக்குள் அடக்க முடியாது. என் அளவில் 1 செ.மீ. என்பது 2.5 கி.மீ. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் டோபா சாம்பல் படிவு இருக்கிறதே, அந்த இடம் தெருவில் பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும்!

மறுபடி மணல் நிரப்பி, இறங்க விட்டு, பாட்டிலை பீரோ மேல் ஏற்றினேன். தரை மெல்ல மேலெழுந்து உச்சியில் நீளவாக்கில் பிளந்தது. டோபா பள்ளத்தில் இன்று இருக்கும் ஏரிக்குள் சமோசிர் தீவு எழும்பியதும் இப்படித்தான், ஏரியடி வண்டல் இன்று அதன் மேல் கிடக்கிறது. ஆனால் சமோசிர் கிழக்கே செங்குத்து, மேற்கே சாய்வு. என்னுடையது இருபுறமும் ஒரே மாதிரி மேடு. அடுத்த தடவை, ஒரு பக்கம் அதிகமாக எழும்புகிறதா என்று பார்க்க, பலூனின் ஒரு பாதியின் மேல் மட்டும் ஒரு அட்டையை வைக்கப்போகிறேன்.