ஆட்டுச் சினைமுட்டையும் ஸ்டெம் செல்லும்: ஆய்வில் இறங்குவோருக்கு என் அனுபவம்

வெள்ளாட்டுச் சினைமுட்டைகளை ஆய்வகத்தில் முதிரவைப்பதில், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் எவ்வளவு துணைநிற்கும் என்பதை முனைவர் பட்டத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் ஐந்தாண்டுகள் உழன்றவள் நான். இந்தத் தலைப்பில் இறங்குகிறவர்கள் ஸ்டெம் செல்லைப் பற்றித்தான் முதலில் படிக்கிறார்கள். நானும் அப்படித் தொடங்கியதில் முழுதாக ஓராண்டு வீணாயிற்று. முதல் ஆறு மாதம் ஸ்டெம் செல் பக்கமே தலைவைக்கக் கூடாது என்பது என் கருத்து. அது இல்லாமலேயே முட்டைகள் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் முதிரும் அளவுக்குக் கை பழகிய பிறகுதான், அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பொருள் வரும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினைப்பைக் குமிழுக்குள் இருக்கும் முட்டை, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பின் முதல் கட்டத்திலேயே தடைப்பட்டு நிற்கிறது. அதை வெளியே எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் தடை தானாகவே விலகிப் பகுப்பு தொடரும் என்பதை, பிங்கஸும் என்ஸ்மனும் 1935-லேயே முயல் முட்டையில் கண்டார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. முட்டையைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்களின் துணையோடு அதற்குள் உயர்ந்த அளவில் நிலைத்திருந்த, பகுப்பைத் தடுத்து வைக்கும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி, குமிழை விட்டு வெளியே வந்ததும் சரிகிறது. உட்கரு அவசரமாக முதிர்ந்துவிடுகிறது, சைட்டோபிளாசமோ பின்தங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட முட்டை நுண்ணோக்கியில் முதிர்ந்ததாகவே தெரியும், ஆனால் கருவுற்ற பிறகு வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். கொழுப்பு, எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களில் இருக்கும் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் சுரக்கும் ஐஜிஎஃப்-1, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளும், 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலான எக்சோசோம்கள் என்ற நுண்பைகளும் இந்தக் குறையை ஈடுகட்டும் என்பதே இத்துறையின் எதிர்பார்ப்பு. ஸ்டெம் செல் முட்டையாக மாறுவதில்லை, முட்டையோடு சேர்வதும் இல்லை. பக்கத்தில் இருந்து சுரந்து கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. என் வீட்டிலேயே பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

முட்டை கிடைப்பதே பெரும்பாடு. எங்கள் பக்கத்துக் கறிக்கடைகளில் கிடாய்க்குத்தான் மதிப்பு, கிடாய்க்குச் சினைப்பை ஏது? பெட்டையாடு அறுக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் போய் நின்றேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஏந்தங்கச்சி, மொச்சக்கொட்டை மாதிரி ரெண்டு இருக்குமே, அதானே? கழிவோட போயிருச்சே, முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேன்ல" என்றார். மறுவாரம் முதல், முந்தின நாள் மாலையே போய்ச் சொல்லிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கிடாய்க்கறி விருந்துக்குப் பேர்போன ஊரில் பேத்தி பெட்டையாட்டின் குடலைத் தேடி அலைகிறாளே என்று என் அப்பத்தாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சினைப்பைகளை ஆன்டிபயாட்டிக் கலந்த வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, ஃபிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நான் செய்த பெரிய பிழை இங்கேதான் நடந்தது. வழியில் ஆறிவிடும் என்று எண்ணி, ஒரு மே மாதத்தில் உப்புநீரை 42 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினேன். கத்திரி வெயிலில் அது ஆறவே இல்லை. அன்று எடுத்த முட்டைகளில் முக்கால்வாசி முதிரவில்லை. அன்றைக்கென்று பார்த்து எல்லா முட்டைகளையும் ஸ்டெம் செல் குழுவிலேயே போட்டிருந்தேன், ஒப்பீட்டுக் குழுவை மறுவாரம் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன். விளைவாக, ஸ்டெம் செல் முட்டைக்குத் தீங்கு செய்கிறது என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் கிடைத்த முட்டைகளைத் தரம் பிரித்து, எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். முட்டை போதவில்லை என்றால் குழுக்களைக் குறையுங்கள், நாளைப் பிரிக்காதீர்கள்.

ஆய்வக வேலையில் கைப்பழக்கமே பாதி. வெள்ளாட்டுச் சினைப்பையிலிருந்து ஊசியால் உறிஞ்சுவதைவிட, பிளேடால் மேற்பரப்பை நுண்ணிதாகக் கீறினால் அதிக முட்டைகள் கிடைக்கின்றன. ஆனால் குப்பையும் சேர்ந்து வரும், தேடுவதற்கு நேரமாகும். கியூமுலஸ் அடுக்கு முழுதாகவும் சைட்டோபிளாசம் சீராகவும் உள்ளவற்றை மட்டும் எடுத்து, டிசிஎம்-199 ஊடகத்தில் இரத்தத்தின் தெளிநீரான சீரமும் எஃப்எஸ்எச், எல்எச் ஆகிய இனப்பெருக்க ஹார்மோன்களும் சேர்த்து, மினரல் ஆயில் மூடிய சொட்டுகளில், 38.5 டிகிரியிலும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடிலும் 24 முதல் 27 மணிநேரம் வைத்தேன். மின்வெட்டுக்கு யுபிஎஸ் உண்டா என்பதைத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஸ்டெம் செல்லை அதே கடையில் கிடைத்த ஆட்டுக்கொழுப்பிலிருந்தே பிரித்தேன். கொலாஜினேஸ் நொதியில் கரைத்து, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளர்பவற்றைப் பெருக்குவது எளிதுதான். அவை மீசன்கைமல் செல்கள்தாம் என்று நிறுவுவதில்தான் தலைவலி வருகிறது. 2006-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறை மனிதச் செல்லுக்கானது. அதில் கேட்கப்படும் சிடி73, சிடி90, சிடி105 ஆகிய செல்மேற்பரப்புப் புரதங்களை அடையாளம் காண விற்கப்படும் ஆன்டிபாடிகள் பலவும் ஆட்டுச் செல்லில் ஒட்டாமல் போகக்கூடும். விலை கொடுத்து வாங்குவதற்கு முன் ஆட்டில் வேலை செய்ததற்கான சான்றைக் கேளுங்கள். எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாற்றிக்காட்டும் சோதனையை விட்டுவிடாதீர்கள், ஆன்டிபாடி கைவிட்டபோது என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ஸ்டெம் செல்லையும் முட்டையையும் ஒரே தட்டில் வளர்க்கலாம், அல்லது செல்கள் சுரந்த கண்டிஷன்டு மீடியத்தை மட்டும் எடுத்துச் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். செல்கள் தட்டை நிரப்பியதும் சீரமில்லாத ஊடகத்தில் 48 மணிநேரம் வைத்து, அந்த நீரைச் சுழற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, மைனஸ் 80 டிகிரியில் சேமித்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். செல்களை வளர்த்தது லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் ஊடகம். முட்டைக்கான டிசிஎம்-199-இல் இருப்பதோ 1 கிராம் அளவுதான். கண்டிஷன்டு மீடியத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் வளர்ச்சிக் காரணிகளோடு குளுக்கோஸ், லாக்டேட், அம்மோனியா எல்லாமே மாறிவிடும். முட்டையின் முதிர்ச்சியில் தெரிகிற மாற்றம் எதனால் வந்தது என்று யார் சொல்ல முடியும்? எனவே வெறும் டிசிஎம்-199 ஒப்பீட்டுக்குப் போதாது. செல் இல்லாமல் அதே 48 மணிநேரம் அதே இன்குபேட்டரில் கிடந்த டிஎம்இஎம் ஒரு குழுவுக்கு வேண்டும். ஆட்டுத்தோலின் சாதாரண இணைப்புத்திசுச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளிடமிருந்து எடுத்த ஊடகம் இன்னொரு குழுவுக்கு வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அதே பலனைத் தருமானால், ஸ்டெம் செல்லுக்கென்று தனிப்பெருமை ஏதும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். என் ஆய்வில் ஸ்டெம் செல்லுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடு நான் ஆசைப்பட்ட அளவுக்குப் பெரிதாக வரவில்லை, அதை அப்படியே எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் மூன்று கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். முதிர்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. கியூமுலஸ் விரிந்ததை மட்டும் காட்டினால் விடமாட்டார்கள், ஹயலுரோனிடேஸ் நொதியால் செல்களைக் களைந்து, முதிரும்போது முட்டை வெளித்தள்ளும் சிறு செல்லான போலார் பாடியை எண்ணியதையும், சாயமேற்றி, முதிர்ந்த முட்டை வந்து நிற்கும் பகுப்புக் கட்டமான இரண்டாம் மெட்டாபேஸைப் பார்த்ததையும் காட்ட வேண்டும். புள்ளியியலில், தனித்தனி முட்டையை மாதிரியாக எண்ணினீர்களா, சோதனை நாளை எண்ணினீர்களா என்பார்கள். நாள்தான் அலகு, ஒரே நாளின் நூறு முட்டைகள் நூறு சோதனைகள் ஆகிவிடமாட்டா.

மூன்றாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இவை என்ன வயது ஆட்டின் முட்டைகள்?" என்று கேட்டார்கள். பருவமடையாத குட்டியின் முட்டை, உட்கரு முதிர்ந்தாலும், கருவாக வளரும் திறன் குறைந்தது என்பதால் கேள்வி நியாயமானதே. கடைக்காரர் ஒவ்வொரு ஆட்டுக்கும் வாயைத் திறந்து பார்த்து, பால்பல், ரெண்டு பல், நாலு பல் என்று வயதைக் கணித்துச் சொன்னதை மூன்றாம் ஆண்டிலிருந்து குறிப்பேட்டில் தனிக்கட்டம் போட்டு எழுதிவந்திருந்தேன், அதை எடுத்துக்காட்டினேன். முதல் இரண்டாண்டு முட்டைகளுக்கு அந்தக் கட்டம் காலி. அவற்றை முடிவுகளில் சேர்க்காமல் பின்னிணைப்புக்கு மாற்றித் திருத்திய ஆய்வேட்டைத்தான் பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.