ஏழு மாதம் கழித்துத் திரும்பிய பாம்பும் நான் அவசரப்பட்டு வைத்த விருந்தும்

பாம்பு காணாமல் போனால் எப்படித் தேடுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைத்த பிறகு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒரே தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சோளம் என் கார்ன் ஸ்நேக்கின் பெயர். நான்கடி நீளம், நஞ்சில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். போன அக்டோபரில் கண்ணாடிக் கதவின் பூட்டைச் சரியாக அழுத்தாமல் தூங்கப் போய்விட்டேன். காலையில் பெட்டி காலி. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், வெந்நீர்க் குழாய் ஓடும் அலமாரி, சமையலறை அலமாரிகளின் அடிப்பலகை என்று வெதுவெதுப்பான இடங்களை எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று. தரைப்பலகையின் இடுக்கில் மாவு தூவி வைத்ததில் ஒரே ஒரு நாள் தடம் விழுந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

அப்போது நான் செய்த கோழைத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் வாய் திறக்கவில்லை. இங்கே 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத விலங்கை வெளியில் விடுவது மட்டுமல்ல, தப்பவிடுவதும் குற்றம். அதைப் படித்துவிட்டுப் பயந்தேன். உரிய கவனம் எடுத்தவருக்கு அதே சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு என்ற வரி வரைக்கும் நான் படிக்கவில்லை. அன்றே நாலு வீட்டில் சொல்லியிருந்தால் மே மாதம் வரை இழுத்திருக்காது.

மே நடுவில், நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண்மணி தோட்டத்து உரக்குவியலைக் கிளறும்போது சோளம் தலையைத் தூக்கியிருக்கிறது. அவர் அதை ஆடர் என்று நினைத்துவிட்டார். பிரிட்டனில் இயற்கையாக வாழும் நஞ்சுப் பாம்பு அது ஒன்றுதான். ஆகவே அலறியதில் தப்பில்லை. விலங்கு மீட்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவின் வாட்ஸாப் குழுவில் படம் வந்தபோது அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

மீட்பகம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாற வேண்டும். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுப் போனேன். முகப்பில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மைக்ரோசிப் எண் என்ன?" தோலுக்கடியில் வைக்கும் அந்த அடையாளச் சிப் சோளத்துக்கு இல்லை. "வாங்கிய ரசீது?" ஊரை விட்டுப் போன ஒரு மாணவனிடம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியது, ரசீதுக்கு எங்கே போவது? கைபேசிப் படத்தைக் காட்டினேன். அதில் என் மகள் சிரிக்கிறாள், பாம்பு ஒரு ஓரத்தில் வாலாக மட்டும் இருக்கிறது. "கார்ன் ஸ்நேக் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்" என்றார் அவர். ஊர்வன பிரிவின் ஆள் செவ்வாய்க்கிழமைகளில் வருவதில்லையாம். தொலைபேசியில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். பாம்பைப் பார்க்கக்கூட விடவில்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. முதுகில் வரும் செம்பட்டைகளின் வடிவம் பாம்புக்குப் பாம்பு வேறு. சோளத்துக்குக் கழுத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது பட்டையும் ஆறாவது பட்டையும் ஒட்டிக்கொண்டு 8 போல இருக்கும். அன்றிரவு பழைய படங்களை எல்லாம் தோண்டி, மேலிருந்து எடுத்த மூன்றைத் தேதியோடு அச்செடுத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி இரண்டு பஸ். ஊர்வன பிரிவின் இளைஞர் படத்தையும் பாம்பையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "உங்களுடையதுதான்" என்றார். பாம்பு வளர்ப்பவர்கள் இன்றைக்கே மேலிருந்து நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வாங்கியபோது என் வயிறு சுருங்கியது. முதுகெலும்பு வரம்பு போலத் துருத்திக்கொண்டிருந்தது. தப்புவதற்கு முன் 520 கிராம், இப்போது 410. இளைஞர் ஒரு தாள் கொடுத்தார். அதைத்தான் மடித்துப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் திருச்சியிலிருந்து அம்மா வீடியோவில். இந்தப் பாம்பு என் வீட்டை விட்டே போக வேண்டும் என்று புற்றுக் கோயிலில் வேண்டிக்கொண்டவர் அவர். அவரே திரையில் பார்த்ததும், "ஐயோ, இப்படி இளைத்துவிட்டதே, முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு. பாலாவது வை" என்றார். பாம்புக்குப் பால் ஆகாது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பசியோடு வந்தவருக்கு முதலில் இலை போட வேண்டும் என்ற புத்தி எனக்கும் இருக்கிறதே. உறைபெட்டியிலிருந்து எப்போதும் கொடுக்கும் பெரிய எலியை எடுத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். லபக்கென்று விழுங்கியது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். மறுநாள் மகள் அதைத் தோளில் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அறைக்குள் நுழைய முடியவில்லை. எலியைப் பாதி அழுகிய நிலையில் கக்கியிருந்தது. அந்த நாற்றத்தை எழுதப் போவதில்லை.

அப்போதுதான் பையிலிருந்த தாளை எடுத்துப் படித்தேன். ஒரு வாரத்துக்கு இரை வேண்டாம், தண்ணீர் மட்டும் வைக்கவும். பிறகு வழக்கமானதில் பாதியைவிடச் சிறிய இரை. கொடுத்த பின் இரண்டு நாள் தொட வேண்டாம். மூன்றையும் மீறியிருந்தேன். தாளில் இல்லாத நான்காவது தவறும் ஒன்று: பெட்டியைச் சூடாக்க, ஏழு மாதம் சும்மா கிடந்த வெப்பப் பாயைச் செருகியதோடு சரி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கம்பி இடம் நகர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. 30 பாகை இருக்க வேண்டிய மூலையில் 24தான் இருந்தது. சூடு போதாமல் போனால் பாம்புக்குச் செரிக்காது, இரை வயிற்றிலேயே அழுகும். பாம்பை அழைத்து வருவதற்கு முந்தைய நாளே பெட்டியை ஓடவிட்டு, வேறொரு வெப்பமானியால் அளந்துவிடுங்கள்.

மருத்துவமனை கிடைத்தது இன்னொரு கூத்து. தெருமுனையில் இருப்பது நாய், பூனையோடு சரி. அடுத்தது, "முயல் பார்ப்போம்" என்றது. மூன்றாவதாகக் கிடைத்த மருத்துவர் பாம்பு தெரிந்தவர். வாயைத் திறந்து புண் இருக்கிறதா என்று பார்த்தார், மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தார், குழாயில் சுட்ட காயம் உண்டா என்று வயிற்றுச் செதில்களைத் தடவினார். கண்களின் மேல் பழைய சட்டை உரியாமல் ஒட்டியிருந்தது. பிய்க்காதீர்கள், ஈரப்பாசி வைத்த டப்பாவில் இருக்கட்டும், அடுத்த முறை உரிக்கும்போது தானாக வரும் என்றார். தாடைக்கு அடியில் கசகசா போன்ற கரும்புள்ளிகள் இரண்டு. உண்ணி. அதற்கு மருந்து, கூடவே என் இன்னொரு பாம்பிலிருந்து தனி அறை. பெட்டியில் மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரிக்கச் சொன்னார், உண்ணியும் எச்சமும் கண்ணில் படும். கழுத்துக்குப் பின் இடப்பக்கம் சிப்பும் வைத்தாயிற்று.

குளிர்காலத்தில் வீட்டு எலிகளைத் தின்றிருக்கும், அதனால் எச்சத்தில் புழு பார்க்க வேண்டும் என்றார். பத்து நாள் காத்திருந்து ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். திறந்து பார்த்துச் சிரித்தார். வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல இருந்த அது வெறும் சிறுநீர் உப்பு. பாம்பின் சிறுநீர் அப்படித்தான் கெட்டியாக வரும். பழுப்பாக இருப்பதுதான் வேண்டும், அதுவும் புதிதாக. ஒரு பயணம் வீண்.

கக்கிய நாளிலிருந்து இரண்டு வாரம் பட்டினி போட்டு, விரல் கனத்தில் ஒரு எலிக்குஞ்சு கொடுத்தேன். அடுத்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. தங்கியது. அடுத்தடுத்த வாரமும் தங்கியது. நேற்று எடை 432. கண்ணாடிக் கதவுக்குச் சாவி போட்ட பூட்டு வந்துவிட்டது, சாவி மனைவியிடம்.

இன்று காலை ஒருவழியாகப் பழுப்பாகவே கிடைத்தது. டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மருத்துவமனை ஒன்பது மணிக்குத் திறக்கும். மனைவி எழுவதற்குள் கிளம்ப வேண்டும்.