ஐந்தேகால் இன்ச்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கிற தண்டர் பே நகரத்திலிருந்து வடக்கே போனால் தார் ரோடு ஓரிடத்தில் முடிந்து, மரம் ஏற்றும் லாரிகள் ஓடுகிற மண் ரோடு தொடங்கும். அங்கிருந்து ஒரு மணி நேரம் உள்ளே இருந்த ஒரு வேட்டை முகாமில் நான் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். சேரும்போது சமையலுக்கு உதவி, கேபின் பெருக்குவது, விறகு அடுக்குவது என்றுதான் பேச்சு. இரண்டாவது வாரம் வழிகாட்டிகளில் ஒருவர் முதுகு வலி என்று வீட்டுக்குப் போய்விட, கரடித் தடம் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. துப்பாக்கியை நான் இன்றுவரை தொட்டதில்லை. சரி, தடம் பார்க்கத் துப்பாக்கி எதற்கு?

ஒண்டாரியோவில் வசந்தகாலக் கரடி வேட்டை மே 1 முதல் ஜூன் 15 வரை. 1999இல் அதை நிறுத்தியிருந்தார்கள். 2014இல் சில பகுதிகளில் மட்டும் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்து, 2021இல் நிலையாக்கினார்கள். மாகாணம் முழுக்க 85,000 முதல் 1,05,000 கருங்கரடிகள் வரை இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. முகாமுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இங்க வர்றது எவ்வளவு பெரிசு?"

கரடியை நேரில் பார்ப்பது அபூர்வம். பார்க்கக் கிடைப்பது தடம்தான். அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தடம் பார்க்கிறவன் பொறுப்பு.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒரு மணல் மேட்டில் உட்கார்ந்து, பின்னங்கால் தடத்தைக் காட்டி "இது என்ன?" என்றார். யாரோ வெறுங்காலோடு நடந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். குதிகால், பாதம், ஐந்து விரல் எல்லாம் அப்படியே மனிதக் கால். ஆனால் பெரிய விரல் வெளிப்பக்கம் இருந்தது. செருப்பை இடம் மாற்றிப் போட்டவன் நடந்து போன மாதிரி. பின்னங்கால் பார்க்க நீளமாக, பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை அளந்து ஏமாந்து போவார்கள். அளக்க வேண்டியது முன்னங்காலை. அதில் குதிகால் பெரும்பாலும் பதியாது. விரல்களுக்குப் பின்னால் அகலமான மெத்தை ஒன்று மட்டும் பதியும். அதன் அகலத்தை இன்ச்சில் எடுத்து, ஒன்றைக் கூட்டினால், மூக்கிலிருந்து வால் வரை கரடி எத்தனை அடி என்று தோராயமாகத் தெரியும். நாலு இன்ச் என்றால் ஐந்தடி. ஐந்து இன்ச் என்றால் ஆறடி, அது பெரிய ஆண். நாலுக்குக் கீழே இருந்தால் பெண்ணாகவோ இளசாகவோ இருக்கலாம்.

அவர் ஒரு இரும்பு டேப் வைத்திருந்தார். நான் என் பையிலிருந்து மஞ்சள் நிறத் துணி டேப்பை எடுத்ததும் முதல் தடவையாகச் சிரித்தார். அப்பா தையற்காரர். ஊரிலிருந்து கிளம்பும்போது பழக்க தோஷத்தில் அவர் டேப் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அறுபது இன்ச், முனையில் இருந்த பித்தளைத் தகடு தேய்ந்து போயிருந்தது.

மே மாதக் கடைசியில் நீர்நாய் மாதிரியான பீவர்கள் கட்டிய ஒரு அணையின் ஓரச் சேற்றில் அந்தத் தடத்தைப் பார்த்தேன். முன்னங்கால், தெளிவான பதிவு, நகக்குறிகூட இருந்தது. டேப்பை வைத்தேன். ஐந்தேகால். இன்னொரு தடவை வைத்தேன். ஐந்தேகால்தான். பெரியவரிடம் காட்டாமல், அன்றைக்கு முகாமில் இருந்த ஒரு விருந்தாளியிடம் நேராகப் போய், ஆறடிக்கு மேல் ஒன்று அங்கே உலாவுகிறது என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த விருந்தாளி நாலு சாயங்காலம் மரத்தில் கட்டிய பரண்மேல் உட்கார்ந்தார். கறுப்பு ஈ கடித்து காது இரண்டும் வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் தானியங்கி கேமராவில் படம் விழுந்திருந்தது. இரை வைக்கிற இருநூறு லிட்டர் டிரம் பக்கத்தில் கரடி நிற்கிறது. அந்த டிரம்தான் எங்களுக்கு அளவுகோல். அதன் உடம்பில் இரண்டு வளையம் உண்டு. நாலு காலில் நிற்கும்போது முதுகு டிரம்மின் விளிம்புக்கு வந்தால் அது அபூர்வமான கரடி. எங்கள் ஆளின் முதுகு மேல் வளையத்தைத் தாண்டவில்லை. காதுகள் தலைக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன, இளசுக்கு அப்படித்தான் இருக்கும். விருந்தாளி கத்தவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது என் பக்கம் கையை நீட்டி, "அந்த டேப்பைக் கொஞ்சம் காட்டு, நனைஞ்சு சுருங்கிப் போச்சா பார்க்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் பெரியவர் என்னை அதே அணைக்குக் கூட்டிப் போனார். திட்டவில்லை. என் பூட்ஸை மணலில் ஒரு தடவை வைக்கச் சொன்னார், சேற்றில் ஒரு தடவை வைக்கச் சொன்னார். "இப்ப அள." மணலில் என் பூட்ஸின் அகலம் நாலு இன்ச். சேற்றில் நாலே முக்கால். கால் ஒன்றுதான். சேறு பக்கவாட்டில் பிதுங்கி, சுவர் மாதிரி வெளியே சாய்ந்து நிற்கிறது. நான் அளந்தது அந்தச் சுவரின் உச்சியை. கரடி வைத்த காலின் உண்மையான அளவு கீழே, தட்டையாக அழுந்தியிருக்கிற தரையில் இருக்கிறது. அப்புறம் அந்தச் சரிவில் கால் வழுக்கியும் இருந்தது. காய்ந்து போயிருந்த அந்தப் பழைய தடத்தின் தரையை விரலால் தடவிக் காட்டினார். அங்கே டேப்பை வைத்தால் நாலேகால்கூட முழுசாக வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரே தடத்தை வைத்து நான் முடிவு சொன்னதில்லை. வரிசையாக மூன்று நாலு தடம் தேடி, அதில் மிகச் சிறியதைத்தான் கணக்கில் எடுப்பேன். இது அப்பாவின் தொழிலுக்கு நேர் எதிர். பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுக்கும்போது "வளர்ற புள்ள" என்று அவர் எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் கூட்டித்தான் எழுதுவார்.

ஆனால் அவர் சொன்ன வேறொன்று இங்கே அப்படியே பொருந்தியது. கடைக்கு யார் வந்தாலும் அவர் முதலில் தோளைத்தான் அளப்பார். வயிறு தீபாவளிக்கு ஒரு அளவு, பொங்கலுக்கு ஒரு அளவு. அளக்கும்போது மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தோளை யாரும் இழுத்துக்கொள்ள முடியாது. கரடியின் பாதம் அந்தத் தோள் மாதிரி. குளிர்காலம் முழுக்கக் குகையில் ஒன்றும் தின்னாமல் கிடந்து, உடம்பில் கால்வாசி எடையை இழந்துவிட்டுத்தான் ஏப்ரலில் வெளியே வருகிறது. படுத்திருக்கும்போதே பாதத்தின் பழைய தோல்கூட உரிந்து விழுந்து புதுத்தோல் வந்திருக்கும். ஆனாலும் மெத்தையின் அகலம் மாறுவதில்லை. எலும்புக்கூடு எவ்வளவு பெரிது என்பதைத் தடம் சொல்லும். மேலே எவ்வளவு சதை என்பதைச் சொல்லாது. "எத்தனை கிலோ?" என்று கேட்கிறவர்களுக்கு இதை விளக்கிப் பார்த்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு எண் வேண்டும்.

ஜூன் முதல் வாரம் ஒரு மணல் பாதையில் மூன்றரை இன்ச் தடம் ஒன்று. பக்கத்திலேயே, எலுமிச்சம்பழத்தை மண்ணில் அமுக்கி அமுக்கி எடுத்த மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். இரண்டு குட்டி. ஒன்று நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி விளையாடியிருந்தது. வசந்தகால வேட்டையில் குட்டியையோ குட்டியோடு இருக்கும் தாயையோ சுடக் கூடாது என்பது சட்டம். பெரியவர் குனிந்து பார்த்தார், எழுந்தார், ஒரு வார்த்தை பேசாமல் அங்கிருந்த டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து பிக்கப்பில் ஏற்றினார். நான் பின்னாலேயே ஓடி ஒரு பக்கம் பிடித்தேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்திலும் இருந்தேன். இடது முன்னங்காலில் உள்பக்கச் சின்ன விரலின் நகக்குறி மட்டும் பதியாத ஒரு ஆண் கரடியை ஜூனிலேயே எனக்குத் தெரியும். அப்போது அதன் மெத்தை நாலே முக்கால். கேமராவில் விழுந்த படத்தில் தோல் தொங்கி, முதுகெலும்பு தெரிய, கால் நீண்ட நாய் மாதிரி இருந்தது. செப்டம்பரில் அதே பாதையில் அதே தடம். புளூபெர்ரி தின்று தின்று வழியெல்லாம் நீலக் கறுப்பாகக் கழிந்து வைத்திருந்தது. இந்தக் காலத்தில் அவை ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். உட்கார்ந்து டேப்பை வைத்தேன். நாலே முக்கால். அன்றைக்குச் சாயங்காலம் விழுந்த படத்தில் வயிறு புல்லை உரசிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை கிலோடா இருக்கும்?"

"தெரியலப்பா. தோள் மட்டும்தான் தெரியும். நாலே முக்கால்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தோள் போதும்டா," என்றார். "வயித்துக்கு மட்டும் நாலு இன்ச் கூட விட்டு எழுதிக்க."