படிவம் டி: ஆசியானும் ஐரோப்பாவும் பிரியும் இடம்

ஐரோப்பிய ஒன்றியத்தையும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். அது சரியில்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு என்ன வரி என்று யார் முடிவு செய்கிறார்கள்? அங்கேதான் வித்தியாசம்.

ஐரோப்பாவில் 1968 ஜூலை 1 முதல் பொது வெளிவரி, அதாவது வெளிச்சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒரே வரி. ராட்டர்டாமில் சுங்கம் கட்டிய சரக்கை முனிச் போகும் வழியில் யாரும் மறித்து வரி கேட்பதில்லை.

ஆசியானில் அவரவர் வெளிவரி அவரவருக்கு. சிங்கப்பூரில் பெரும்பாலான பொருளுக்கு வரியே இல்லை. உறுப்பு நாடுகளுக்குள் ஆசியான் பொருளுக்கு வரிச் சலுகை உண்டு. அதனால் வெளிச்சரக்கைச் சிங்கப்பூரில் இறக்கிவிட்டு, ஆசியான் பொருள் என்று இந்தோனேசியாவுக்குள் நுழைக்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்கத்தான் பிறப்பிடச் சான்றான படிவம் டி. பொதுவிதிப்படி, பொருளின் மதிப்பில் 40 சதவீதமாவது ஆசியானுக்குள் உருவாகியிருக்க வேண்டும்; இல்லையேல், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் நான்கு இலக்கச் சுங்கக் குறியீடு (பொருளின் வகையைக் காட்டும் எண்) உற்பத்தியில் மாறியிருக்க வேண்டும். கப்பலேற்றும் விலை 100 டாலர், வெளிநாட்டுப் பாகங்கள் 58 டாலர் என்றால் 42 சதவீதம் தேறும். பாகங்களின் விலை 3 டாலர் ஏறினால் 39தான். குறியீடும் மாறவில்லையா, சலுகை போச்சு. ஏற்றுமதியாளர் ஒரு குறியீடு எழுத, இறக்குமதிச் சுங்கம் வேறொன்று படித்தாலும் இழுபறிதான்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2005இல் பொது வெளிவரிக்கு வந்தது: 0, 10, 25 சதவீதம், 2022இல் 35ம் சேர்ந்தது. ஆனால் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் அந்த வரியிலிருந்து விலக்கு வாங்குகின்றன. ஓட்டை அதுதான்.

தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கில் சிக்கலே வேறு: முடிவெடுக்க எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2014 காத்மாண்டு மாநாட்டில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தம் பாகிஸ்தான் இசையாததால் நின்றது. அதன்பின் உச்சி மாநாடே நடக்கவில்லை.